பால்புதுமையர் கலைக்கும் ஒரு கூத்துமாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதியில் கண்காட்சி அமைக்கும் வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் என எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம். அவர்கள் படைக்கும் கலைக்குத் தனியாக ஓர் இடம் எதற்கு என்ற கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. ‘எல்லோருக்குமான கண்காட்சியில்தான் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களே, அரசாங்கமே விழா நடத்துகிறதே’ என்பார்கள். உண்மைதான். 2015-இல் திருநருக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். சமூகநீதித் துறை ‘வர்ணப்பகிட்டு’ என்ற பெயரில் திருநர் கலைவிழா நடத்துகிறது. விழா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விழா முடிந்த மறுநாள் காலை அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்று மட்டும் கேட்கிறோம்.

தனி இடம் எதற்கு என்று பாலக்காட்டுக்காரர்கள் கேட்பதுதான் எங்களுக்கு வியப்பு. தனி இடம் இருந்தால் ஒரு கலை எப்படிப் பிழைக்கும் என்பதற்கு நிளா என்கிற பாரதப்புழை ஆற்றங்கரைப் பகவதி கோயில்கள் கண்முன்னே நிற்கின்றன. அங்கே தோல்பாவைக் கூத்துக்கென்றே கூத்துமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். நீளம் ஏறத்தாழ 42 அடி. முன்னால் திரை, பின்னால் தேங்காய்மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். மலையாள மண்ணில் நின்று, கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே சொல்லி, விடிய விடிய நடக்கும் கூத்து. பல இரவுகளில் எதிரே உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள்கூட இருப்பதில்லை. பகவதி பார்க்கிறாள் என்று, புலவர்கள் எனப்படும் பாவைக்கூத்துக் கலைஞர்கள் நடத்திக்கொண்டே போவார்கள். ஆள் வராத காலத்தை அந்தக் கூத்து தாண்டி வந்ததற்கு மாடம் அங்கேயே நின்றது பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. வாடகைக் கல்யாண மண்டபத்தை நம்பியிருந்தால் என்றைக்கோ மூட்டை கட்டியிருப்பார்கள்.

வாடகை மண்டபத்தில் நடப்பதைச் சொல்கிறோம். இரண்டு நாளுக்கு எடுத்தால், முதல் நாள் பாதி மாட்டுவதில் போய்விடும். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கே கழற்ற ஆரம்பிக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். அதனால் ஸ்டாண்டு, கயிறு, கிளிப் என்று தொங்கவிட, மின்விசிறிக் காற்றில் படம் ஆடும். மேலே டியூப்லைட். கண்ணாடியில் அந்த வெளிச்சம் விழுந்து, பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத இழப்பு வேறு. இந்தக் கலையை யார் பார்க்கவேண்டும் என்று மிகவும் விரும்புகிறோமோ, அவர் முதல் தடவை உள்ளே வரமாட்டார். பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று பலகையை மட்டும் படிப்பார். இரண்டாம் தடவை வாசல் வரை வந்து, உள்ளே தெரிந்த முகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். மூன்றாம் தடவைதான் செருப்பைக் கழற்றுவார். இரண்டு நாள் கண்காட்சியில் அந்த மூன்றாம் தடவைக்கு நேரமே இல்லை. வாரத்துக்கு நான்கு நாள், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் சின்ன அறையில் அது இருக்கிறது.

‘திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019-இல் பத்மஸ்ரீயே கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன மறைவு’ என்று கேட்பவர்களும் உண்டு. அவர் பெற்றது அவர் கலைக்கு. பரதத்துக்குச் சபாக்கள் இருந்தன, மேடை இருந்தது. நடனம் ஆடுபவரோடு ஊர் விட்டு ஊர் போகும். ஓவியமும் நிழற்படமும் துணிச் சிற்பமும் அப்படிப் போக முடியாது, அவற்றுக்குச் சுவர் வேண்டும். வாடகை வீட்டில், நான்கு பேர் தங்கும் அறையில், கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்த தாளாகவே பல படங்கள் காலம் தள்ளுகின்றன.

எவ்வளவு பெரிய இடம் வேண்டும்? 20-க்கு 15 அடி அறை ஒன்று போதும். நான்கு சுவரும் சேர்ந்து 70 அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 12 அடி போனால் 58 மிஞ்சும். 2 அடி அகலப் படத்துக்கு 2 அடி இடைவெளி விட்டால் 14 படங்கள் மூச்சுவிட்டு நிற்கும். ஆசைப்பட்டு 30 மாட்டினால் சந்தைக்கடை. 10 வாட் எல்இடி விளக்கு 12 போதும், மஞ்சள் சாயலாக 3000 கெல்வின். நாளைக்கு 6 மணி நேரம் எரித்தாலும் முக்கால் யூனிட்டுக்குள் அடங்கும். மேலிருந்து 30 டிகிரி சாய்த்துப் போட்டால் கண்ணாடியில் மின்னாது. நீர்வண்ணமும் காகிதத்தில் அச்சிட்ட படங்களும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் தாங்காது, நிறம் வெளுக்கும். எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும்.

மாட்டும் உயரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். வீட்டில் சாமி படம் மாட்டும் உயரத்துக்கே கை போகிறது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும், மேல்விளிம்பு எங்கே நின்றாலும் சரி. படத்தின் சட்டம் 24 அங்குல உயரம், பின்கம்பியை இழுத்தால் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது என்றால், 57-உடன் 12 கூட்டி 3 கழித்து, 66-ஆம் அங்குலத்தில் ஆணி.

எங்கள் பகுதியின் காற்று தனிக்கதை. தை, மாசியில் கணவாய் வழியாக அடிக்கும் வறட்டுக் காற்றில் மரச்சட்டத்தின் மூலை விரியும். ஆனி, ஆடி மழையில் அதே சட்டத்துக்குள் தாள் உப்பிப்போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணத்தோடு உரிந்து வரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய தடிமன் அட்டை வைத்தால் ஒட்டாது. சட்டத்தின் பின்னால் கீழ் இரு மூலைகளிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால், வியர்க்கும் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். நாள்பட நாள்பட மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும் கறையை யாராலும் எடுக்க முடியாது. மெல்லிய தாள் கீற்றில் மாவுப்பசை தடவி மேல் இரு மூலைகளில் மட்டும் தொங்கவிட வேண்டும்.

சட்டம் போடும் கடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு பால்புதுமையர் ஓவியத்தை முதன்முதலில் வெளியாள் பார்ப்பது அங்கேதான். இரண்டு ஆண்கள் தோளோடு தோள் சாய்ந்திருக்கும் படத்தைச் சின்ன ஊர்க் கடையில் கொடுத்து, பெயரும் போன் நம்பரும் எழுதி, நான்கு நாள் விட்டுவிட்டு வருவது லேசான காரியம் அல்ல. அதனாலேயே வரையாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறையின் சொத்தாக ஏ3 அளவில் 10, ஏ2 அளவில் 10 என 20 சட்டங்கள் இருந்தால், படைப்பவர் தாளை மட்டும் கொண்டுவந்தால் போதும். செலவும் மிச்சம், தெரியவேண்டாதவர் கண்ணிலும் படாது. தனி இடம் எதற்கு என்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் பதில் இந்த 20 சட்டங்கள்தான்.

வெளிச்சத்துக்கு வருவது என்றால் ஆளைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்துவது என்றே பலரும் நினைக்கிறார்கள். கூவாகத்தில் சித்திரை மாதம் கேமராக்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லம் மாவட்டம் சவரா பக்கம் கொட்டங்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் ஆண்கள் பெண்ணுடை உடுத்தி விளக்கெடுக்கும் சமயவிளக்கிலும் அதே கதை. நேர்ச்சைக்கு வந்தவர் யார், தன் மனசுக்காக வந்தவர் யார், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர் யார் என்று கேட்காமல் முகத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் பெயர் வாங்குவது படம் எடுத்தவர், வீட்டில் பதில் சொல்வது படத்தில் இருப்பவர். கலைக்கூடத்தில் இதைத் தலைகீழாக்கலாம். படைப்பு ஊருக்கெல்லாம் தெரியட்டும். ஆள் தெரிவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

அதற்கு நல்லெண்ணம் போதாது, தாள் வேண்டும். ஒரே கையெழுத்தில் ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்று வாங்கும் படிவத்தால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. நான்கு கட்டம் தனித்தனியாக இருக்க வேண்டும்: சுவரில் மாட்ட, வருகிறவர்கள் செல்போனில் எடுக்க, பத்திரிகைக்குக் கொடுக்க, இணையத்தில் போட. ஒவ்வொன்றுக்கும் தனி ‘ஆம்’, ‘இல்லை’. சுவரில் என்ன பெயர் என்பதற்கு இன்னொரு கட்டம்: பதிவுப் பெயரா, தானே வைத்துக்கொண்ட பெயரா, புனைபெயரா, பெயரே வேண்டாமா. இரண்டு பெயர்களையும் இணைக்கும் ஏடு ஒன்றே ஒன்று, பூட்டிய அலமாரியில், ஒருவர் பொறுப்பில். அந்த ஏடு இல்லாமலும் முடியாது. படம் விற்ற பணத்தைப் புனைபெயருக்குக் காசோலையாகக் கொடுத்தால் வங்கி திருப்பிவிடும். சுவரில் ஒரு பெயர், ரசீதில் பாஸ்புத்தகப் பெயர் என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஓடும்.

எப்போது வேண்டுமானாலும் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் படிவத்தில் இருக்க வேண்டும். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், ஊரிலிருந்து சித்தப்பா வருகிறார், காரணம் எதுவாகவும் இருக்கலாம், கேட்கக் கூடாது. அன்று மாலைக்குள் கழற்றிவிட வேண்டும். வெறும் ஆணி தெரிந்தால் ‘யார் படம் போச்சு’ என்று பேச்சு கிளம்பும். எனவே அதே அளவில் இரண்டு மாற்றுப் படங்கள் எப்போதும் தயாராக இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் போன் நம்பர் கேட்க வேண்டாம், கேட்டால் பாதிப்பேர் வாசலோடு திரும்புவார்கள். வாசலில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவரைத் தனியாக விடக் கூடாது.

நிர்வாண ஓவியம் வந்தால் என்ன செய்வது? உள்பக்கம் ஒரு தடுப்புச்சுவர் வைத்து அதன் பின்னால் மாட்டி, முன்னால் ஒரு வரி எழுதி வைத்தால் முடிந்தது. மலம்புழா அணைப் பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் சிலையாக வடித்த யட்சி 1969-லிருந்து ஆடையில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்குக் குழந்தைகுட்டியோடு போய் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். இடம் மாறாமல் அங்கேயே இருந்ததால் கண் பழகியது.

மொழிக்கு வருகிறோம். இதைச் சற்று நீட்டி எழுதப் பொறுத்தருள வேண்டும். கேரளத்துக் கூடங்களில் விளக்க அட்டை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத வழி செய்தது. ஆனால் சுவரில் தமிழ் கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் தமிழ்ப் படைப்பாளிக்குக் கொச்சி நிகழ்ச்சிகளில் மொழி இடிக்கும், கோவை நிகழ்ச்சிகளில் முகவரி இடிக்கும். பாலக்காட்டுக்கும் கோவைக்கும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், ஆனாலும் மாநில எல்லையான வாளையாறு தாண்டினால் திருநர் நலவாரியம் வேறு, அடையாள அட்டை வழங்கும் அலுவலகம் வேறு. ஓவியரும் கவிஞருமான திருநங்கை கல்கி சுப்ரமணியம் பிறந்தது பக்கத்துப் பொள்ளாச்சியில். அப்படியிருந்தும் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட படைப்பை நேரில் பார்க்க ஓர் அறை இல்லை.

தமிழில் அட்டை எழுதும்போது விழும் பள்ளம் ஒன்று உண்டு. மலையாள வினையில் ஆண், பெண் தெரியாது. ‘வரச்சு’ என்றால் யார் வரைந்தாலும் ‘வரச்சு’தான். அதைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் வரைந்தானா, வரைந்தாளா என்று முடிவு செய்தாக வேண்டும். பெயரைப் பார்த்து ஊகித்து எழுதிவிடுவார். திருநம்பி ஒருவர் தன் படத்துக்குக் கீழே ‘வரைந்தாள்’ என்று படிக்க நேர்ந்தால் அந்த அறைக்கு அவர் மறுபடி வருவாரா? விடை தமிழிலேயே இருக்கிறது. ‘அவர் வரைந்தார்’. மரியாதையும் ஆயிற்று, ஆண், பெண் பிரிவும் இல்லை. கலைச்சொற்களுக்கும் அலைய வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அட்டை 40 சொல்லுக்குள் இருக்கட்டும், எழுத்தின் அளவு 20 பாயிண்டுக்குக் குறையாமல். கண்ணாடி போட்ட அப்பத்தாவும் படிக்க வேண்டும்.

கடைசியாக, படங்களை வைத்துக் காப்பது. எங்களைக் கேட்டால் மாட்டுவதைவிட இதுதான் பெரிய வேலை. நியூயார்க்கில் இன்று பால்புதுமையர் கலைக்கான லெஸ்லி-லோமன் அருங்காட்சியகம் என்று நிற்பது, 1969-இல் இரண்டு பேர் தங்கள் வீட்டு மாடியில் வைத்த ஓவியக் கண்காட்சியில் தொடங்கியது. எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில் ஓவியர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். வீட்டார் வெட்கப்பட்டுப் படங்களைக் குப்பையில் போட்டார்கள். அவற்றைக் காப்பாற்றிச் சேர்க்கவும் ஓர் இடம் தேவைப்பட்டதால் 1987-இல் அறக்கட்டளை ஆயிற்று. பெர்லினில் இதேபோன்ற அருங்காட்சியகம் 1985-லேயே தொடங்கியது. நம்மூரில் குப்பைக்குப் பதில் பரண், கரையான், அடுப்பு.

தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கிய பிளைவுட் தட்டில், சட்டமிட்ட படங்களைப் புத்தகம் அடுக்குவதுபோல நெட்டாக அடுக்க வேண்டும். படுக்க வைத்தால் கீழே இருப்பது நசுங்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் கரையான் ஏறும், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பதிவேட்டில் அளவு, ஊடகம், ஆண்டு, ஒப்படைத்த நாள் எல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது ஒரு வரி: ‘எனக்குப் பின் இது யாருக்கு’. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. ஆகவே இருபது வருஷம் கூட வாழ்ந்தவரும் சட்டப்படி வாரிசு இல்லை. படங்கள், வரைந்தவரின் பிறந்த வீட்டாருக்குப் போகும், அவர்கள் அவர் முகத்தையே பார்க்காமல் இருந்தாலும். பதிப்புரிமையும் கூடவே போகும், இறந்த பின் 60 ஆண்டுகளுக்கு.

இதற்கு மருந்து ஓர் உயில். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடக் கூடாது. ‘படங்களும் அவற்றின் பதிப்புரிமையும்’ என்று இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் பின்னால் வழக்கு வரலாம். முஸ்லிம்களுக்கு விதி வேறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இத்தனையையும் இரண்டு நாள் விழாவில் யார் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்?

நாங்கள் கேட்பது புதுக் கட்டிடம் அல்ல. நம் வாசகசாலைகள் பலவற்றின் மாடி அறைகள் பழைய பெஞ்சோடு பூட்டிக் கிடக்கின்றன. சித்தூர் வட்டத்தில் அப்படி ஒன்றை, ஆணி அடிக்க அனுமதியோடு, மூன்று ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தத்தில் உள்ளாட்சி கொடுத்தால் போதும். ஓராண்டுக்குக் கொடுத்தால் யாரும் தன் படத்தை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள். கதவு சாலையைப் பார்த்து இருப்பதைவிடப் படிக்கட்டு வழியாக ஏறிப் போவது நல்லது. நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். இத்தகைய கண்காட்சி நடக்கும்போது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில், பாட்டுக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே ஒரு வரி போடுங்கள்: இடம், நேரம், அனுமதி இலவசம். நிருபர் வந்தால் படைப்பைப் படம் எடுக்கட்டும். முகம் வேண்டுமென்றால் எங்கள் படிவத்தின் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

இப்படிக்கு,
கண்காட்சி அமைப்புப் பணியில் உள்ள சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்